எந்த ஊருன்னு கேட்டா

1

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி முருகேசன் அண்ணாச்சி போன் போட்டார். வெளியூர்ல இருக்கிற பழைய மாணவர் எல்லாரும் எழுதுறாங்களாம். துபாய்க்காரன் ஒருத்தன் எழுதி அனுப்பியாச்சாம்.

"பூனா வெளிநாடா அண்ணாச்சி?" என்றேன்.

"பாஷை தெரியாத ஊரு எல்லாம் வெளிநாடுதாம்ல. நீ போயி இருபது வருஷம் ஆகப் போகுது. எழுது."

கணபதி ஊர்வலத்தைப் பத்தி எழுதலாம், வடாபாவ் பத்தி எழுதலாம் என்றார். அதெல்லாம் போனில் பார்த்துக்கொள்ளலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சுற்றி வளைத்து எழுத வராது. என் மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். ஊரிலும் எல்லாப் பிள்ளை கையிலும் போன் இருக்கிறது. அதனால்தான்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மாத்திருப்பா" என்றாள். மாற்றிவிட்டேன். உமா என்று வைத்திருக்கிறேன்.

2

தாபோடியில் குடியிருக்கிறோம். ராணுவ இன்ஜினியரிங் காலேஜ் பக்கம். எனக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிற வேலை. காலையில் விமான் நகரில் பிள்ளைகளை ஏற்றி கேம்ப் என்கிற ஏரியாவில் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட வேண்டும். பிள்ளைகள் என்னை அண்ணா என்று கூப்பிடும். தெற்கே இருந்து வந்தவன் யாரானாலும் இங்கே அண்ணாதான். பிள்ளைகளின் அப்பாவும் அண்ணா என்பார், தாத்தாவும் அண்ணா என்பார்.

வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் பாஸிங் வாங்க வேண்டும். ஒரு தரம் தீயணைக்கிற சிலிண்டர் தேதி முடிந்துவிட்டது என்பார்கள். மாற்றிக்கொண்டு போனால் ஜன்னல் கம்பி சரியில்லை என்பார்கள். போக வேண்டும், வர வேண்டும். கோபப்பட்டு லாபமில்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. பார்க்கத்தான் செய்வார்கள்.

என் வேனில் ஒரு முறை உண்டு. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. நான் இறங்கிச் சுற்றி வந்து வெளியே இருந்து திறக்க வேண்டும். திறக்கும் முன்னால் கைப்பிடியில் கை வைத்து நிமிர்ந்து பார்ப்பேன். கூட்டிப் போக வந்திருப்பது தெரிந்த முகமா. தெரிந்த முகம் என்றால் திறப்பேன். புது முகம் என்றால், அனுப்பிய தாயோ தகப்பனோ என்னிடம் போனில் பேச வேண்டும். எழுத்தில் அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரல் கேட்க வேண்டும்.

விமான் நகரில் ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிப் போக அதன் சித்தப்பா வந்தார். நல்ல சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை.

"நான் இவளுடைய காகா. கதவைத் திற."

"மேடம் பேசட்டும் சார்."

"மேடம் மீட்டிங்கில் இருக்காங்க. மெசேஜ் போட்டிருக்காங்க, பார்."

"பேசட்டும் சார்."

பிள்ளையே உள்ளே இருந்து, "இது என் காகாதான் அண்ணா" என்றது. நான் திறக்கவில்லை. மற்ற பிள்ளைகள் பசியில் கத்த ஆரம்பித்துவிட்டன. வெயிலில் நின்றோம். கடைசியில் அந்தம்மா கூப்பிட்டு, "ஆமா, அனுப்புங்க" என்றார். திறந்தேன்.

"மூளையே இல்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சிரித்துக்கொண்டேன். வேனில் எனக்கு மூளை இருந்தது. வீட்டில்தான் இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

3

நான் பூனா ஸ்டேஷனில் வந்து இறங்கின அன்றைக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. வேலைக்குக் கூப்பிட்டவன் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் போனில் தமிழ் பேசிக்கொண்டு போனார். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, நீங்க தமிழா?"

"ஆமாப்பா. எந்த ஊரு?"

அவ்வளவுதான் கேட்டார். அரக்கோணத்துக்காரர், ரயில்வேயில் வேலை. வீட்டுக்குக் கூட்டிப் போய் சோறு போட்டார். பாய் விரித்துக் கொடுத்தார். டிரைவர் வேலைக்கும் அவர்தான் சொல்லி வைத்தார். இப்போது அவர் இல்லை. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள்தான் முதலில் போவோம்.

அதனால் எனக்கு ஒரு நம்பிக்கை. இங்கே தமிழ் பேசுகிறவன் நம்ம ஆள். பஸ்ஸிலோ காய்கறி மார்க்கெட்டிலோ தமிழ் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரி பார்வதிக்கு முகம் மலர்ந்துவிடும். "எந்த ஊரு நீங்க?" என்பாள். அவர்கள் பதில் சொல்லுவதற்குள் இவள் எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள். நாங்க சங்கரன்கோவில் பக்கம், தாபோடியில இன்ன சந்துல வீடு, அவுக வேன் ஓட்டுதாவ, மக ஒம்பதாவது இன்ன பள்ளிக்கூடத்துல படிக்கா, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. வெண்டைக்காய் நிறுத்துப் போடுகிற நேரத்துக்குள் மொத்தக் குடும்பமும் அவர்கள் கையில்.

உமா பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்த்துத்தான் வளர்ந்தாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கூட்டத்தில் தொலைந்து போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். போலீஸைப் பாரு என்று சொல்லவில்லை. "தமிழ் பேசுற ஆள் யாருன்னு பாத்து அவங்ககிட்ட போ. நம்ம ஆளு, விடமாட்டாங்க" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

4

உமாவுக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். "அப்பா, நாளைக்கு ஸ்கூல்ல சுட்டி" என்பாள். சுட்டி என்றால் இங்கே லீவு. ஒரு நாள், "வீட்ல இருந்தா கண்டாளா வருதும்மா" என்றாள்.

"அது யாருட்டி கண்டாளா? வந்தா ஒரு காப்பி குடுப்போம்" என்றாள் பார்வதி.

கண்டாளா என்றால் சலிப்பு. ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் பார்வதிக்கு உள்ளுக்குள் கஷ்டம்தான். ஊருக்குப் போனால் பிள்ளை யாரிடமும் பேசாது. பார்வதியின் அண்ணன் வீட்டில் மைனி, "உன் மக என்ன ஊமையா?" என்று கேட்டுவிட்டார்கள். வந்ததில் இருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொரோனா நேரத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டது. வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் வெளியே வந்துவிட்டது, பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டாள். திட்டவும் முடியாது. காஸ் பதிவு செய்வது அவள். பாஸிங்குக்குத் தேதி வாங்குவது அவள். பேங்க் மெசேஜ் வந்தால் வாசித்துச் சொல்வது அவள். நான் இந்தி பேசுவேன், மராத்தி பேசுவேன், கடைப் போர்டு வாசிப்பேன். அதற்கு மேல் கண் போகாது. போனுக்குள்ளே எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆள் அவள்தான். அங்கே அவளுக்குப் பெரிய ஆள் யார் என்று நான் யோசிக்கவில்லை.

கையில் மருதாணி வரைவாள். நன்றாக வரைவாள். படம் எடுத்துப் போடுவாள். யார் யாரோ நல்லா இருக்கு என்று எழுதுவார்கள் போல. ஆசைக்குச் செய்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

5

போன மழைக்காலம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, இன்னிக்கு புளிக்கொழம்பு செமயா இருக்கு. எப்படி வச்ச?" என்றாள் உமா.

பார்வதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு இந்தி இல்லை, மராத்தி இல்லை. முழுசாகத் தமிழ்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தமிழ் கூடியது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை எல்லாம் வந்தது. "வேற லெவல்" என்பாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஊருக்குப் போன் போட்டு மைனியிடம் பேசினாள். பேசிவிட்டு வந்ததும் பார்வதி திருஷ்டி கழித்தாள்.

"யாருட்டி சொல்லிக் குடுக்கா உனக்கு?"

"ஆன்லைன்ல ஒரு அக்கா இருக்காங்கம்மா. என் மெஹந்தி புடிச்சிருக்காம். தமிழ்லதான் எழுதுவாங்க."

"தமிழா! எந்த ஊரு?"

"கேக்கல."

"கேக்கணும்ட்டி. நாம சங்கரன்கோவில் பக்கம்னு சொல்லு. எந்தப் பக்கம்னு கேளு."

மறுநாள் பதில் வந்தது. அந்த அக்காவும் சங்கரன்கோவில் பக்கம்தானாம். பார்வதிக்குத் தலைகால் புரியவில்லை. எந்தத் தெரு, கேளு. நம்ம தெரு இன்னதுன்னு சொல்லு. அதற்கும் மறுநாள் பதில் வந்தது. அவங்க சித்தி வீடு அந்தத் தெருவுக்குப் பின்னாலதானாம். நாங்கள் கும்பிடுகிற சாமியைச் சொன்னோம். அவர்களும் அந்தச் சாமிதானாம்.

நானும் கூடத்தான் இருந்தேன். "பாத்தியா, உலகம் சின்னது" என்றேன். எனக்கும் சந்தோஷம்தான். ஸ்டேஷனில் கிடைத்த அரக்கோணத்து அண்ணன் மாதிரி என் பிள்ளைக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் முதலில் சொன்னது நாங்கள். அந்த அக்கா அதையே திருப்பிச் சொன்னாள். அப்போது தெரியவில்லை.

உமா ஒரு படம் காட்டினாள். சுடிதார், தலையில் மல்லிகைப் பூ, சிரித்த முகம். "நம்ம பிள்ளை மாதிரி இருக்கா" என்றாள் பார்வதி.

6

ஒரு நாள் உமா குதித்துக்கொண்டு வந்தாள். அக்கா ஒரு கல்யாணத்துக்கு பூனா வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை கேம்ப்பில் ஒரு கேக் கடையில் பார்க்கலாம் என்கிறாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வாட்டி."

"டைம் இல்லையாம்மா. நான் மட்டும்தான் வரணுமாம். அம்மா அப்பா வந்தா கூச்சமா இருக்குமாம்."

பார்வதி என்னைப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளைதானே, கூச்சம் இருக்கும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை பூராவும் அடுப்படியில் நின்று முந்திரிக்கொத்து செய்தாள். பயறு வறுத்து, வெல்லப் பாகு காய்ச்சி உருட்டி, அரிசி மாவில் முக்கி எடுத்து. அந்தப் பிள்ளை ஊர்ப் பலகாரம் தின்று எத்தனை நாளாச்சோ என்றாள்.

நானே வேனில் கூட்டிப் போனேன். உமாவை இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் லைனிங் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. முன்சீட்டில் சாமான் கிடந்ததால் அவள் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் பலகார டப்பா. புதுச் சுடிதார்.

சர்ச் விட்டு ஆட்கள் வெளியே வருகிற நேரம். ஆட்டோவும் பஸ்ஸும் நெரிந்துகொண்டு நின்றன. கேக் கடைக்கு எதிரே ஓரங்கட்டினேன். இறங்கிச் சுற்றி வந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன். பழக்கம். நிமிர்ந்து பார்த்தேன்.

கடை வாசலில் நிறைய முகம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

கை நின்றுவிட்டது.

"அப்பா, திற. லேட் ஆச்சு" என்றாள் ஜன்னல் வழியாக.

"எங்க உன் அக்கா?"

"மாடில இருப்பாங்க."

"வெளிய வந்து கைய ஆட்டச் சொல்லு. போதும்."

எழுதினாள். பதில் வந்தது. "'நீ மேல வா தங்கச்சி, உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்'ன்னு எழுதியிருக்காங்க."

"போன் போடு."

"அவங்க மைக் கெட்டுப்போச்சுப்பா. எழுதத்தான் செய்வாங்க."

"எப்ப இருந்து கெட்டுப்போச்சு?"

ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.

"உமா. அவ குரல ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

"அப்பா, எனக்கு ஷரம் ஆவுது, வெக்கமா இருக்கு. எல்லாரும் பாக்கறாங்க. திற."

"கூப்பிடு. குரல் கேட்டாத் திறக்கேன்."

கூப்பிட்டாள். மணி அடித்தது, வெட்டிவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டாள். வெட்டிவிட்டார்கள். பிறகு எழுத்து வந்தது. உமா வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

"'கூட யாரு இருக்கா?'"

"அப்பான்னு எழுது. ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவார்னு எழுது."

எழுதினாள். காத்திருந்தோம். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தான். நான் கைப்பிடியை விடவில்லை.

"அப்பா."

போனைத் திருப்பிக் காட்டினாள். மல்லிகைப் பூ வைத்த முகம் போய்விட்டது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அந்தப் பக்கம் எழுதினது எல்லாம் அழிந்து போயிருந்தது. இவள் எழுதினது மட்டும் கிடந்தது.

கடை வாசலைப் பார்த்தேன். கேக் பெட்டியோடு ஒரு குடும்பம் வந்தது. ரெண்டு பையன்கள் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருத்தன் மாடியில் இருந்து இறங்கி வந்து வேனைப் பார்த்தான், பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அவனாகவும் இருக்கலாம். வேன் நம்பரைப் பார்த்திருக்கலாம், சும்மாவும் பார்த்திருக்கலாம். யாரைப் போய் என்ன கேட்க?

கதவைத் திறக்கவே இல்லை. அப்படியே தாபோடிக்குத் திரும்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

7

மறுநாள் போலீஸுக்குப் போனோம். ஒரு இடத்தில் வீடு எங்கே என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் சம்பவம் எங்கே என்று கேட்டார்கள். சம்பவம் போனில் நடந்தது என்றேன். கடைசியில் ஒரு பெண் போலீஸ் உட்காரச் சொன்னார். நல்ல மனுஷி. மராத்தியில் கேட்டார்.

"என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல மேடம். நடக்க இருந்தது."

புகாரை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார். உமாதான் அடித்தாள். என் பிள்ளைக்கு நடந்ததை என் பிள்ளையே எழுத வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் அந்தம்மா கேட்டார். "படம் ஏதாவது அனுப்பினாயா அவர்களுக்கு?"

உமா விரலை எடுத்துவிட்டாள். திரையையே பார்த்தாள். காது சிவந்துவிட்டது. அந்தம்மா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "சாயா குடிச்சிட்டு வாரேன்" என்று வெளியே போனேன்.

சாயாக் கடையில் கிளாஸை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். ஆடை படிந்துவிட்டது. குடிக்கவில்லை.  

திரும்பி வந்தபோது உமா முகம் கழுவப் போயிருந்தாள். அந்தம்மா மெதுவாகச் சொன்னார். "பயப்படாதீங்க அண்ணா. நீங்க நினைக்கிற மாதிரி படம் இல்ல. யூனிஃபார்ம் போட்ட படம், வீட்டு வாசல்ல எடுத்த படம். அவ்வளவுதான். பிள்ளைய அடிக்காதீங்க. அடிச்சா அடுத்த தடவ உங்ககிட்ட சொல்ல மாட்டா."

மூச்சு வந்தது. வந்த மூச்சு வீட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது. யூனிஃபார்மில் பள்ளிக்கூடத்துப் பேர் இருக்கிறது. வாசலில் சந்து தெரிகிறது. தெரு, சாமி, வேன், பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம் அந்த ஆளிடம் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று எங்களிடம் ஒன்றுமில்லை.

புகார் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை.

8

பார்வதிதான் உடைந்துவிட்டாள். "நாந்தானே கேளு கேளுன்னு கேக்க வச்சேன். பலகாரம் வேற செஞ்சு குடுத்துவிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கோபம் திரும்பியது. "அந்தப் போனைப் புடுங்கி அடுப்புல போடுங்க."

போட்டால் காஸ் வராது, அடுப்பும் எரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"யாரு என்னன்னு தெரியாம ஊரு, தெருவு எல்லாம் சொல்லுவியாட்டி? அறிவு வேண்டாம்?" என்றாள் உமாவைப் பார்த்து.

உமா என்னைப் பார்த்தாள். "தமிழ் பேசினா நம்ம ஆளுன்னு நீதான்ப்பா சொன்ன."

 

வீட்டில் முந்திரிக்கொத்தை யாரும் தொடவில்லை. வேன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். டப்பாவை நீட்டினேன். ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை. அந்தச் சித்தப்பா வந்த பிள்ளைதான் சொன்னது. "அண்ணா, வேன்ல யாரு எது குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மூடி வைத்துவிட்டேன். கேம்ப் வரைக்கும் அது கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

சாயந்திரம் உமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வேன் முறையைச் சொன்னேன். யாரானாலும் முகம் பார்க்கணும். குரல் கேட்கணும். நாம கேட்டு, அவங்க முதல்ல சொல்லணும். அம்மாகிட்ட சொல்லாதன்னு எவனாவது சொன்னா, முதல் வேலையா அம்மாகிட்ட சொல்லணும். தப்பு நடந்துபோனாலும் சொல்லணும். அடிக்க மாட்டேன்.

கேட்டுக்கொண்டாள். பிறகு என் போனை வாங்கினாள். நான் வாட்ஸ்அப் முகப்பில் ஒரு படம் வைத்திருந்தேன். வேன், நம்பர், பள்ளிக்கூடத்துப் பேர், முன்னால் வரிசையாக எல்லாப் பிள்ளைகளும். பெருமைக்கு வைத்தது.

"இத முதல்ல எடு" என்றாள். எடுத்துவிட்டாள்.

அதன்பின் அவள் தமிழ் நின்றுபோனது. கேட்டால் இந்தியில் பதில். அம்மாவிடம் மராத்தியில் ரெண்டு வார்த்தை. மைனி போன் போட்டால் குளிக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூட பஸ் ஸ்டாப்புக்கு நானோ பார்வதியோ கூடப் போகிறோம். சந்தில் புது பைக் நின்றால் பார்வதி ஜன்னலைச் சாத்துகிறாள். சிரிப்புச் சத்தம் இல்லாத வீடாக இருந்தது.

9

போன வாரம் நடந்தது இது. நானும் உமாவும் தாபோடி பஸ் ஸ்டாப்பில் நின்றோம். என் கையில் காய்கறிப் பை. ஒரு புருஷன் பெண்டாட்டி பெட்டியோடு இறங்கினார்கள். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு ஆட்டோக்காரனிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார்கள். ஒருத்தனும் நிற்கவில்லை. "என்னங்க இது, ஒருத்தனுக்கும் புரிய மாட்டேங்குது" என்று அந்தம்மா தமிழில் சொன்னார்கள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எந்த ஊரு நீங்க. உமா பக்கத்தில் நிற்கிறாள். அடக்கிக்கொண்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தமிழ் கேட்டும் கேட்காதவன் மாதிரி நின்றேன். நன்றாக இல்லை அது.

உமாதான் போனாள். ரெண்டு அடி தள்ளி நின்றாள்.

"நீங்க எங்க போகணும்?"

அந்தம்மா திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும். "தமிழாம்மா நீ! சாமி மாதிரி வந்த. எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"நீங்க முதல்ல சொல்லுங்க" என்றாள் உமா.

அந்தம்மா முகம் கொஞ்சம் சுருங்கியது. புருஷன் சொன்னார். திருவண்ணாமலை பக்கமாம். மகன் ராணுவத்தில் இருக்கிறானாம். காலேஜ் வாசலுக்கு வரச் சொன்னானாம்.

"அவர்கிட்ட பேசணும். போன் போடுங்க."

"எதுக்கும்மா?"

"குரல் கேக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பையைக் கை மாற்றினேன். அவர் போன் போட்டுக் கொடுத்தார். உமா தமிழில் கேட்டாள். பேர் என்ன, எந்த வாசல், அப்பா என்ன கலர் சட்டை போட்டிருக்கார். கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். எங்கே இறக்க வேண்டும் என்று டிரைவரிடம் மராத்தியில் கறாராகச் சொன்னாள். பெட்டியை ஏற்றவும் கை கொடுத்தாள்.

அந்தம்மா ஏறி உட்கார்ந்து உமா கன்னத்தைத் தொட்டார்கள். "நல்லா இருப்ப தாயி. உன் பேர் என்னம்மா?"

உமா சிரித்தாள். சொல்லவில்லை.

அந்தம்மா என்னைப் பார்த்தார்கள். நானும் சொல்லவில்லை. ஆட்டோ போய்விட்டது.